பாறை ஏறும் கயிறு ஏன் நீள வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்குப் பாறை கிடையாது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதுவும் தட்டையாகப் படுத்துக் கிடப்பது. கடலைப் பார்த்தபடி பாறை ஏறி, இரவு கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்க ஆசைப்படுகிற பெடியள் திருகோணமலைப் பக்கம் போக வேண்டும். அங்கேதான் பழைய கடினமான பாறை கடல்வரை வந்து நிற்கிறது. கூடாரம் இரவல் வாங்கலாம், சட்டி பானை வீட்டில் இருக்கிறது, வான் பிடிப்பதும் பெரிய வேலை இல்லை. கயிற்றுக்கு என்ன செய்வது என்று வரும்போதுதான் ஒருவன் சொல்வான்: "மச்சான், குருநகரில வள்ளம் கட்டுற கயிறு வாங்குவம். ரெண்டு தொன் தாங்கும். நாங்கள் என்ன ரெண்டு தொன்னா?"

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை நம்பி ஏறினால் ஆள் சாகலாம், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு தொன் என்பது, கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் எந்த இடத்தில் அறும் என்பதன் அளவு. 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலிப்புரப்பிலீன் (ஒருவகைப் பிளாஸ்ரிக்) கயிறு புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ அவ்வளவு தாங்கும், அதில் பொய் இல்லை. விழுகிற மனிதன் கயிற்றை மெதுவாக இழுப்பதில்லையே. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 4 மீற்றர் விழுந்து கயிற்றில் மாட்டுகிறார் என்று வையுங்கள். கிட்டத்தட்ட நீளவே நீளாத ஒரு கயிறு அவரை 10 சென்ரிமீற்றருக்குள் நிறுத்தினால், கயிற்றிலும் அவருடைய இடுப்பிலும் சராசரியாக விழும் விசை ஏறத்தாழ 2,900 கிலோ எடைக்குச் சமம். அதே ஆள், அதே 4 மீற்றர் விழுகை, ஆனால் கயிறு நீண்டு கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் நிறுத்துகிறது என்றால் 350 கிலோதான். விழுந்த தூரத்தையும் நிற்க எடுத்த தூரத்தையும் கூட்டி, நிற்க எடுத்த தூரத்தால் வகுத்து, ஆளின் எடையால் பெருக்கிப் பாருங்கள், வந்துவிடும். இது சராசரிதான், உச்சத்தில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கயிறு அறாவிட்டாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. 2,900 கிலோ இழுவையைக் கயிறு தாங்கினாலும் முதுகெலும்பு தாங்காது, உள்ளுறுப்புகள் தாங்காது, ஏறும்போது கயிற்றைக் கோத்துக்கொண்டு போகப் பாறையில் மாட்டிய கொளுக்கியும் பிடுங்கிக்கொண்டு வரலாம். மலையேறும் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வைத்திருக்கும் கயிற்றுச் சோதனையில், 80 கிலோ எடையை விழவிட்டால் முதல் விழுகையில் 12 கிலோநியூற்றனுக்கு மேல் விசை வரக் கூடாது. அது சுமார் 1,200 கிலோ எடை. உடம்பு ஒரு கணப்பொழுது தாங்கக்கூடிய எல்லை என்று பரசூட் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துக்கொண்ட அளவு அது. ஆக, அந்தச் சோதனையில் கயிறு அறாமல் இருப்பது மட்டும் போதாது, ஆளை மெல்லப் பிடிக்கிறதா என்பதையும் அளக்கிறார்கள்.

கடற்றொழில் செய்பவர்களுக்கு இந்த விசயம் புதிதல்ல. நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளத்தை அலை தூக்கித் தூக்கி அடிக்கும்போது கயிற்றை இன்னும் கொஞ்சம் நீளமாக விடுவார்கள். கட்டையாக விட்டால் ஒவ்வோர் அலைக்கும் வெடுக்கென்று இழுத்து, நங்கூரம் பெயரும் அல்லது கயிறு அறும். நீளமான கயிற்றில் அதே இழுவை பரவிப் போய்விடுகிறது.

சரி, நீள்கிற கயிறு எப்படி நீள்கிறது? பாறை ஏறும் கயிறு ஒன்றின் வெட்டிய முனையைப் பாருங்கள். வெளியே நிறநிறமான இறுக்கிப் பின்னிய உறை. உரசல், வெயில், மண் எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்கிறது. உறையைப் பின்னுக்குத் தள்ளினால் உள்ளே வெள்ளை வெளேரென்று பல புரிகள், ஒவ்வொன்றும் தனியாக முறுக்கியது. ஒரு புரியைப் பிரித்தால் அதற்குள் இன்னும் மெல்லிய இழைகள், அவையும் முறுக்கியவை. ஆள் விழும்போது முதலில் இந்த முறுக்கு இறுகி நீள்கிறது, அதோடு நைலோன் இழையே நீள்கிறது. நைலோனின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள், ஒன்றோடொன்று ஐதரசன் பிணைப்பால் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இழுத்தால் மடிந்து கிடந்த பகுதிகள் விரிந்து, சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. இழைக்கு இழை உரசுவதால் விழுந்த சக்தியின் பெரும்பகுதி வெப்பமாக மாறிப் போகிறது, அதனால்தான் விழுந்தவர் இறப்பரில் கட்டியதுபோல் மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருப்பதில்லை. முதல் விழுகையில் இந்தக் கயிறு தன் நீளத்தில் 40 சதவீதம் வரை நீளலாம் என்று அதே சோதனை அனுமதிக்கிறது. 80 கிலோ எடை சும்மா தொங்கினால் மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் நீளக் கூடாது.

நைலோனை 1935இல் அமெரிக்காவில் வொலஸ் கரோதர்ஸ் உருவாக்கினார். உறையும் உட்புரியுமாக இருக்கிற இந்த வகைக் கயிறு 1953இல் ஜேர்மனியின் எடெல்றிட் நிறுவனத்திலிருந்து வந்தது. அதற்கு முந்திய காலத்தில் சணலையும் மணிலா நாரையும் கட்டிக்கொண்டு ஏறியவர்களிடம் ஒரே ஒரு விதிதான் இருந்தது, முன்னால் ஏறுபவன் விழவே கூடாது என்பது. விழுந்தால் கயிறு காப்பாற்றும் என்ற நம்பிக்கையையே நைலோன்தான் கொண்டுவந்தது, இதை நான் சின்ன விசயமாகப் பார்க்கவில்லை.

இப்போது பலருக்கு விளங்காத இடம் ஒன்று. நிறைய உயரத்திலிருந்து விழுந்தால் கயிற்றில் நிறைய அடி, கொஞ்ச உயரம் என்றால் கொஞ்ச அடி என்றுதான் நினைப்போம். அப்படியில்லை. விழுந்த தூரத்தை, அப்போது வெளியே விட்டிருந்த கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வருகிற எண்தான் அடியைத் தீர்மானிக்கிறது, இதை விழுகைக் காரணி என்பார்கள். கீழே நண்பன் கயிற்றைப் பிடித்திருக்க, நீங்கள் 20 மீற்றர் ஏறி, கடைசியாக மாட்டிய கொளுக்கிக்கு 2 மீற்றர் மேலே நின்று வழுக்குகிறீர்கள்: 4 மீற்றர் விழுகை (கொளுக்கி வரை 2, அதற்குக் கீழே 2), 20 மீற்றர் கயிறு, காரணி 0.2. அதே 4 மீற்றர் விழுகை, வெளியே 4 மீற்றர் கயிறுதான் இருக்கிறது என்றால் காரணி 1. விழுந்த தூரம் ஒன்றுதான், ஆனால் சக்தியை விழுங்கக் கிடைத்த கயிறு ஐந்தில் ஒரு பங்கு. கயிற்றைப் பிடித்திருப்பவர் பாறையின் நடுவில் நிற்க, இடையில் ஒரு கொளுக்கியும் மாட்டாமல் அவரைத் தாண்டிக் கீழே விழுந்தால் காரணி 2 வரை போகும், ஏறுபவர்கள் பயப்படுவது அதற்குத்தான். கயிறுகளைச் சோதிப்பது சுமார் 1.77 காரணியில், தனி ஒரு கயிறாகப் பயன்படுத்தும் வகை குறைந்தது 5 தடவை அந்த விழுகையைத் தாங்க வேண்டும். அப்புறம், நீள்வதில் ஒரு ஆபத்தும் உண்டு: தரைக்குக் கிட்ட வழுக்கினால் கயிறு பிடித்து முடிக்க முன்னரே கால் தரையில் மோதலாம்.

வள்ளக் கயிற்றுக்கு வருவோம். அது நீளவே நீளாத கயிறும் அல்ல, ஏறும் கயிறும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். எங்கே என்று அந்தச் சுருளில் எழுதியிருக்காது. அது எதனால் ஆனது என்றாவது பார்க்கலாம்: ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பொலிப்புரப்பிலீன் அல்லது பொலித்தீன். தாண்டால் நைலோனாக இருக்கலாம், பொலியெஸ்ரராகவும் இருக்கலாம், தாண்டுவிட்டது என்பதற்காக அதில் ஏறவும் கூடாது. மிதக்கும் கயிறு கடலில் நல்ல கயிறு, வள்ளத்து இயந்திரத்தின் காற்றாடியில் சுற்றாமல் இருக்க அதைக் கவனித்தால் போதும். பாறையில் அதன் பலவீனம் வெப்பம். நைலோன் உருக 220 பாகை செல்சியஸ் போல வேண்டும், பொலிப்புரப்பிலீன் 160 தாண்டியதும் உருகும், பொலித்தீன் 130 அளவிலேயே. பாரத்தோடு ஒரு கயிறு இன்னொரு கயிற்றின்மேல் வேகமாக ஓடினால் இந்த வெப்பநிலை சில நொடிகளில் வந்துவிடும், கயிறு வெட்டியதுபோல் உருகி அறும். வள்ளக் கயிற்றுக்கு உறை கிடையாது என்பதால் வெயில் நேரே இழையில் படுகிறது. வெயிலில் கிடந்த கயிற்றைக் கையில் உருட்டினால் தூள் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள்.

நீளாத கயிறு எதற்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை. மீட்புப் பணியிலும் குகைக்குள் இறங்குவதிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் அங்கே ஆள் கயிற்றில் தொங்குகிறாரே தவிர விழுவதில்லை. புதிதாக ஏறுகிறவர்களும் விழாமல் தொங்குகிற அந்த முறையையே பின்பற்றலாம். பழக்கமுள்ள ஒருவர் சுற்றிப் போய் மேலே உறுதியான இடத்தில் கயிற்றைக் கட்டிவிட, மற்றவர்கள் எப்போதும் தலைக்கு மேலிருந்து கயிறு பிடித்திருக்க ஏறுவது. வழுக்கினாலும் ஒரு முழம் இறங்கி நிற்பார்கள். அதற்கும் ஏறுவதற்கென்று செய்த கயிறுதான்.

கடற்கரையில் கயிற்றுக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும். நைலோன் தண்ணீரை உறிஞ்சும், ஈரம் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து பிணைப்பைத் தளர்த்துவதால் நனைந்த கயிறு தாங்கும் விழுகைகள் கணிசமாகக் குறைகின்றன. உப்புத் தண்ணீர் காய்ந்தால் பளிங்குகள் இழைகளுக்குள் தங்கிவிடும், நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். அடுப்புக்குக் கிட்ட வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது பற்றரி அமிலம்: வானின் பின்பக்கம் விளக்குக்கென்று ஏற்றிய பற்றரியோடு கயிற்றுப் பையைச் சேர்த்து வைத்தால், கசிந்த கந்தக அமிலம் நைலோன் சங்கிலிகளை வெட்டிவிடும், வெளியே ஓர் அடையாளமும் தெரியாமலே. உலோகத்துக்கும் கடல் எதிரிதான். தாய்லாந்தின் கிறாபிக் கரையில் பாறையில் அடித்திருந்த துருப்பிடிக்காத உருக்கு ஆணிகள் குளோரைட்டால் உள்ளுக்குள் வெடித்து உடைந்ததால் அங்கே தைத்தேனியம் ஆணிகளுக்கு மாறினார்கள். கடற்கரைப் பாறையில் யாரோ எப்போதோ அடித்துவிட்டுப் போன ஆணி பளபளப்பாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு தடவை ஏற முன்பும் கயிற்றை முழு நீளத்துக்கும் விரல்களுக்கிடையே ஓட விடுங்கள். ஓரிடத்தில் மட்டும் மெத்தென்று அமுங்கினாலோ, கட்டிபோலத் தட்டுப்பட்டாலோ, மடித்தால் வளையமாக வளையாமல் தட்டையாக மடிந்தாலோ, உறை கிழிந்து வெள்ளை தெரிந்தாலோ அந்தக் கயிறு முடிந்தது. அப்படியே சுருட்டி வைத்தால் அடுத்த வருடம் வேறு யாராவது நல்ல கயிறு என்று நினைத்து எடுத்துப் போவார்கள். இரண்டு இரண்டு மீற்றராக வெட்டிவிடுங்கள், கூடாரத்தை இழுத்துக் கட்ட உதவும்.