‘சிந்து பைரவி’யில் காட்டப்படாத நான்கு நாட்கள்

குடிநோய்ச் சிகிச்சைக்கு ஒருவரை அழைத்து வரும் வீட்டார், “சிந்து பைரவி ஜே.கே.பி. மாதிரி ஆகிவிட்டார், டாக்டர்” என்று பேச்சைத் தொடங்குவதை மனநல மருத்துவரான நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 1985-இல் கே. பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் சிவகுமார் ஏற்ற ஜே.கே.பி. என்ற கர்நாடக இசைப் பாடகர் வேடம் இத்தனை ஆண்டுகள் மனதில் நிற்பதற்கு இளையராஜாவின் இசையே பெருங்காரணம் என்பேன். இசைக்காக அவருக்கும், ‘பாடறியேன் படிப்பறியேன்’ பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது.

அந்தப் பாட்டு நாட்டுப்புற மெட்டில் தொடங்கி தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேரும் அழகைப் பலரும் எழுதிவிட்டார்கள். என் தொழில் என்னை நிறுத்தி வைப்பது ‘தண்ணித் தொட்டி தேடி வந்த’ பாட்டில். மது வாடைக்காக மிருதங்கக்காரரையே மேடையிலிருந்து எழுந்து போகச் சொன்ன வித்துவான், பிறகு மதுவுக்காகவே அந்தப் பாட்டைப் பாட வேண்டியதாகிறது. உயிராக மதித்த ஒன்றைக் கூட விலையாகக் கொடுக்கத் துணிவதைக் குடிநோயின் முக்கிய அடையாளமாக மருத்துவம் கருதுகிறது. அதை விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. ஆனால் குடியில் மூழ்கிய ஜே.கே.பி. பாடுவதாக வரும் ‘பூமாலை வாங்கி வந்தான்’ பாட்டில் யேசுதாஸின் குரல் துளியும் பிசிறவில்லை. நிஜத்தில் தொடர்ந்து குடிக்கும் பாடகருக்குத் தொண்டை வறண்டு, அமிலம் மேலேறிக் குரல்நாண்கள் வீங்கி, மேல்ஸ்தாயி முதலில் கைவிட்டுப் போகும்.

எனக்குள்ள கவலை வேறு. படத்தில் ஜே.கே.பி.யின் காதலி சிந்து திரும்பி வருகிறாள், அன்பும் கண்டிப்புமாக அவரை மீட்கிறாள். இதை நம்பி, பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவரை அறையில் அடைத்து ஒரே நாளில் நிறுத்த முயலும் குடும்பங்கள் உண்டு. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, இல்லாத உருவங்களைக் கண்டு அலறும் சித்தக் குழப்பம் வந்து உயிரையே பறிக்கலாம். மருத்துவமனையில் இதைத் தடுக்க மாத்திரைகளும், மூளையைக் காக்கத் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் தருகிறோம்.

இன்னொன்று, ‘குழம்பில் கலந்து கொடுத்தால் போதும், அவருக்குத் தெரியவே தெரியாது’ என்று விற்கப்படும் மருந்துகள். மது உள்ளே போனால் உடலை ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருப்பதை அறியாமல் ஒருவர் மது அருந்தினால், இரத்த அழுத்தம் சரிந்து மாரடைப்பு வரைகூடப் போகலாம். நோயாளியின் சம்மதமின்றி அதைத் தரவே கூடாது.

ஜே.கே.பி. சிகிச்சைக்கு வர மறுத்தால் அவர் மனைவி பைரவி மட்டுமாவது வரலாம். அவர் இல்லாமலேயே பேசித் தொடங்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. நேரில் வரத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.