எண்ணெய் ஒன்று, ரத்தத்தில் சேர்வது வேறு

மீன் எண்ணெய் மாத்திரை இதயத்துக்கு நல்லது என்ற எண்ணம் பரவியதில் கிரீன்லாந்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களில் டென்மார்க் ஆய்வாளர்கள் பாங், டையர்பெர்க் இருவரும் அங்குள்ள இனுயிட் மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சீலும் திமிங்கிலமும் மீனுமாகச் சாப்பிடும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கருதி, அதற்கு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களே காரணம் என்றார்கள். ஆனால் அந்த உணவுக்கு ஏற்ப இனுயிட்டுகளின் மரபணுவே தலைமுறை தலைமுறையாக மாறி வந்திருப்பது 2015இல்தான் தெரிந்தது.

அந்த மாற்றம் 11ஆவது குரோமோசோமில், ஃபேட்ஸ்1, ஃபேட்ஸ்2 என்ற மரபணுக்கள் இருக்கும் பகுதியில் உள்ளது. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் நிறைய இருக்கும், ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலெயிக் அமிலத்தில் 18 கார்பன் அணுக்கள். மூளைக்கும் செல் சவ்வுக்கும் 20, 22 கார்பன் கொண்ட நீண்ட அமிலங்கள் வேண்டும். ஃபேட்ஸ்2 உருவாக்கும் நொதி ஓர் இரட்டைப் பிணைப்பைச் சேர்க்கும். வேறொரு நொதி இரண்டு கார்பனை ஒட்டும். ஃபேட்ஸ்1இன் நொதி இன்னோர் இரட்டைப் பிணைப்பைச் சேர்த்ததும் 20 கார்பன் கொண்ட அராகிடோனிக் அமிலம் கிடைத்துவிடும். ஆளிவிதையில் உள்ள ஒமேகா-3, இ.பி.ஏ. என்ற நீண்ட அமிலமாக மாறுவதும் இதே நொதிகளால்தான். எனவே ஒமேகா-6 மிகுந்தால் ஒமேகா-3க்கு நொதி கிடைப்பது குறையும்.

நீண்ட அமிலங்கள் கடல் உணவிலேயே நேரடியாகக் கிடைத்ததால், இனுயிட்டுகளிடம் இந்த உற்பத்தியை மட்டுப்படுத்தும் மரபணு வடிவம் நிலைத்தது. அமெரிக்கப் பழங்குடிகளிலும் மெதுவான வடிவமே மிகுதி. ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோரிடமும் வேகமான வடிவம்.

நம் பக்கத்துக் கதை புனேயில் இருக்கிறது. ஃபேட்ஸ் பகுதியில் 22 டி.என்.ஏ. எழுத்துகள் கூடுதலாக இருந்தால் ஃபேட்ஸ்1 முடுக்கிவிடப்படும். தாய் வழி, தந்தை வழி இரண்டு பிரதிகளிலும் இந்தக் கூடுதல் உள்ளவர்கள், சைவ உணவு வழக்கமுள்ள புனே மக்களில் 68 சதவீதம். ஒப்பிடப்பட்ட அமெரிக்கர்களில் 18 சதவீதம். 2016இல் வெளியான முடிவு இது. தானியமும் பருப்பும் மட்டுமே உண்டவர்களுக்கு இந்த வேகம் பெரிய வரம்.

இன்று சமையலறையில் லினோலெயிக் அமிலம் மிகுந்த எண்ணெய் தாராளமாகப் புழங்குகிறது. அராகிடோனிக் அமிலத்திலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்களும் உருவாவதால், அதே வேகம் பாதகமாகலாம் என்று புனே மக்களை ஆராய்ந்தவர்கள் கவலைப்படுகிறார்கள். ஐரோப்பியர்களை வைத்து வகுத்த எண்ணெய் அளவை அப்படியே நமக்கும் எழுதிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புனேயில் பார்த்ததுபோல் தமிழ்நாட்டிலும் ரத்தத்தையும் மரபணுவையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் பெரிய அளவில் நடக்க வேண்டும்.