சலித்துப்போன வழிப்போக்கன்

பினாங்கின் கொடிமலை ரயிலில் ஒரு காலத்தில் பாதி வழியில் இறங்கி வண்டி மாற வேண்டும். 1923-ல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை இரண்டு பகுதிகளாக இருந்தது. கீழ்ப்பகுதிக்குத் தனி வண்டி, மேல்பகுதிக்குத் தனி வண்டி. 2011-ல் புதிய ரயில் வந்தபின் அடிவாரத்தில் ஏறினால் உச்சியில்தான் இறங்குகிறோம். சிறுவயதில் அந்த இடைநிலையத்தில் குளிரில் நின்றது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. வேறு யாராவது அதைத் தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று ஒரு சனிக்கிழமை இரவு இணையத்தில் தேடினேன். டிக்கெட் விலை வந்தது. திறக்கும் நேரம் வந்தது. தங்கும் விடுதிகள் வரிசையாக வந்தன. பினாங்கில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்ற கட்டுரை, ஒரே கை எழுதியதுபோல, ஏழெட்டுத் தளங்களில் வந்தது. மனிதர் ஒருவர்கூட வரவில்லை.

மறுநாள் காலை சௌராஸ்தா சந்தை மாடிக்குப் போனேன். பழைய புத்தகக் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. வழக்கமாகப் போகும் கடைப் பாயிடம் மலேசியத் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "என்னிடம் இல்லை தம்பி. அந்த மூலைக் கடையில் கேளுங்கள். போன மாதம் ஒரு வீட்டுப் புத்தகங்களை மொத்தமாக எடுத்தார்" என்றார். மூலைக் கடையில் நான் கேட்டது கிடைக்கவில்லை. கேட்காத இரண்டு கிடைத்தன. முதல் நாள் இரவு அத்தனை பெரிய இயந்திரத்தால் முடியாத வேலையைப் பாய் கையை நீட்டியே முடித்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இது மனத்தை அரித்துக்கொண்டிருந்தது.

தேடுபொறி நாம் கேட்ட பிறகு இணையத்தைத் தேடுவதில்லை. முன்பே எழுதி வைத்த குறிப்பேட்டைத்தான் புரட்டுகிறது. சிலந்தி என்று அழைக்கப்படும் நிரல் ஒரு பக்கத்தைப் படிக்கிறது, அதிலுள்ள சுட்டிகளை, அதாவது வேறு பக்கங்களுக்குக் கொண்டுபோகும் இணைப்புகளை, குறித்துக்கொள்கிறது, ஒவ்வொன்றாகப் போய் அங்கும் அதையே செய்கிறது. படித்ததிலிருந்து ஒரு சொல்லடைவு தயாராகிறது. புத்தகத்தின் கடைசியில் 'ரயில் – 14, 87, 203' என்று போட்டிருப்பார்களே, அப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் பக்கங்களின் பட்டியல். நாம் இரண்டு சொற்களைத் தட்டினால் இரண்டு பட்டியலிலும் உள்ள பக்கங்கள் எடுக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கில் தேறினால் எதை முதலில் வைப்பது? வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

1998-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் இதற்கு ஓர் அழகான விடை சொன்னார்கள். ஒரு வழிப்போக்கனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவனுக்கு நோக்கம் எதுவும் கிடையாது. நிற்கும் பக்கத்தில் ஏதோ ஒரு சுட்டியை அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போகிறான், அங்கிருந்து இன்னொன்றுக்கு. சலிப்புத் தட்டினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இணையத்தின் எங்கோ ஒரு மூலைக்குக் குதிக்கிறான், மறுபடியும் நடக்கிறான். முடிவில்லாமல் இப்படித் திரிந்தால், அவனுடைய காலத்தில் எவ்வளவு பங்கு எந்தப் பக்கத்தில் கழியும்? அந்தப் பங்குதான் அந்தப் பக்கத்தின் மதிப்பு. பேஜ்ரேங்க் என்ற பெயரில் கூகுளுக்கு அடித்தளமாக அமைந்தது இந்தக் கணக்கு. இன்றைய தேடுபொறிகள் வேறு பல அளவுகோல்களையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன என்றாலும், யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்ற கேள்வியை அவை கைவிடவில்லை.

சுட்டியைத் தொடரும் வாய்ப்பு 0.85, குதிக்கும் வாய்ப்பு 0.15 என்று வைப்பது வழக்கம். அப்படியானால் ஒரு குதிப்புக்கும் அடுத்த குதிப்புக்கும் இடையில் அவன் பார்ப்பது சராசரியாக ஆறேழு பக்கங்கள். ஐந்து சுட்டிகளைச் சலிக்காமல் கடக்கும் வாய்ப்பு 44 சதவீதம். பத்தைக் கடப்பது 20 சதவீதம்தான். பொறுமையில் அவன் நம்மைப் போலத்தான்.

ஜெலுத்தோங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு கட்டுரை எழுதித் தன் தளத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பக்கத்தை யாரும் சுட்டவில்லை. வழிப்போக்கன் அங்கே வர ஒரே வழி, கண்மூடித்தனமான அந்தக் குதிப்பு. மொத்தம் 100 மில்லியன் பக்கங்கள் இருந்தால், குதிப்பு அவர் வாசலில் விழும் வாய்ப்பு 100 மில்லியனில் ஒன்று. ஆசிரியரின் தமிழ் எப்படி என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இதைவிடச் சங்கடமான செய்தி 2000-ஆம் ஆண்டில் வந்தது. ஆல்டாவிஸ்டா என்ற அந்நாளைய தேடுபொறியின் சிலந்தி சேகரித்த 200 மில்லியனுக்கும் அதிகமான பக்கங்களையும் 1.5 பில்லியன் சுட்டிகளையும் ஆய்வாளர்கள் வரைபடமாக்கிப் பார்த்தார்கள். வந்த வடிவம், கழுத்தில் கட்டும் 'போ டை' எனும் பட்டுமுடிச்சு, இருபுறமும் இறகு விரிந்தது. நடுவில் ஒரு முடிச்சு: சுமார் 56 மில்லியன் பக்கங்கள், எதிலிருந்தும் எதற்கும் போய்விடலாம். வலப்பக்க இறகில் உள்ளவற்றுக்கு முடிச்சிலிருந்து வழி உண்டு, திரும்ப வழி இல்லை. இடப்பக்க இறகு நேர்மாறு: அங்கிருந்து முடிச்சுக்குப் போகலாம், முடிச்சிலிருந்து அங்கே வர முடியாது. ஒவ்வோர் இறகிலும் நாற்பது மில்லியனுக்கு மேல். இவற்றைத் தவிர, முடிச்சோடு ஒட்டாமல் தொங்கும் நூல்களும் துண்டுகளும். ஏதோ இரண்டு பக்கங்களைக் குருட்டாம்போக்கில் எடுத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுட்டி வழியாகப் போகவே முடியாத வாய்ப்பு நான்கில் மூன்று.

இடப்பக்க இறகைக் கொஞ்சம் பாருங்கள். நம் ஆசிரியர் உட்கார்ந்திருப்பது அங்கேதான். அவர் நாளிதழ்களைச் சுட்டுகிறார், விக்கிப்பீடியாவைச் சுட்டுகிறார். அவை அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலில் வருபவை தரத்தால்தான் முதலில் வருகின்றன என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. 2006-ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு சோதனை அந்த ஆறுதலைப் பாதியாகக் குறைத்தது. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் அதிகம் கேள்விப்படாத 48 பாடல்களை 14,000 பேருக்கு மேல் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதியினர் பிறர் எதை இறக்கிக்கொண்டார்கள் என்று தெரியாமல் கேட்டார்கள். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகத்தின் எண்ணிக்கையைப் பார்த்தபடி கேட்டார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் முன்னிருந்தவை மேலும் முன்னேறின. ஆனால் உலகத்துக்கு உலகம் முன்னேறியவை வேறு வேறு. மிக நல்ல பாடல் அடியோடு தோற்பதும் மிக மோசமானது வெல்வதும் அரிதாக இருந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. நம்மில் பெரும்பாலோர் எழுதுவது அந்த நடுவில்தான்.

சரி, வழிப்போக்கனிடம் திரும்புவோம். கண்டுபிடித்தவர்களே 1998-ல் அவனை வைத்து ஒரு விளையாட்டு ஆடிப் பார்த்திருக்கிறார்கள். சலித்துப்போனால் எங்கோ குதிக்காமல், குறிப்பிட்ட ஒரே பக்கத்துக்குத் திரும்பட்டும் என்று விதியை மாற்றினார்கள். அந்தப் பக்கமாக அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தியின் சொந்தப் பக்கம். உடனே அவருடைய ஸ்டான்ஃபோர்டு சகாக்களின் பக்கங்கள் பட்டியலில் மேலே ஏறின. சுட்டிகளில் ஒன்றுகூட மாறவில்லை. சலிப்பின்போது திரும்பும் வீடு மட்டும் மாறியது.

எனக்கு இதைப் படித்தபோது சௌராஸ்தா பாய்தான் நினைவுக்கு வந்தார். சந்தையில் தொலைந்தால் அவர் கடைக்கே திரும்பி மறுபடியும் கிளம்புகிறவன் நான். ஸ்வீடனில் ஒரு நிரலர் 2021-ல் தொடங்கிய மார்ஜினாலியா என்ற தேடுபொறி வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது: விளம்பரமும் அலங்காரமும் மிகுந்த தளங்களைக் கீழே தள்ளி, எழுத்து நிறைந்த சிறு தளங்களை மேலே கொண்டுவருகிறது. ஆங்கிலத்துக்கு நன்றாக உதவுகிறது. தமிழுக்கு நாம் கையால்தான் செய்ய வேண்டும்.

தமிழில் தேடுவதற்கு வேறு சில முட்டுக்கட்டைகளும் உண்டு. கொடிமலை என்ற சொல்லின் முதல் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடில் 'கொ' எழுத இரண்டு வழிகள். க-வுக்குப் பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியைப் போடலாம். அல்லது கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடலாம். கண்ணுக்கு வேறுபாடு துளியும் தெரியாது. கணினிக்கோ இரண்டும் வேறு: யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். பெரிய தேடுபொறிகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிடுகின்றன. சிறு தளத்தின் உள்தேடல் பெட்டி அப்படிச் செய்யாவிட்டால், கண்முன் இருக்கும் சொல்லையே இல்லை என்று சாதிக்கும். பழைய பக்கங்களின் நிலை இன்னும் மோசம். 2001-ல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில் திஸ்கி, டாப், டாம் என்று பல குறியீடுகள் புழங்கின. அவற்றில் எழுதி யூனிகோடுக்கு மாற்றாமல் விட்ட பக்கத்தைச் சிலந்தி படித்தால், அதன் குறிப்பேட்டில் ஏறுவது தமிழ் அல்ல, ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குப்பை.

அதற்கு மேல் வேற்றுமை உருபுகள். கொடிமலையில், கொடிமலைக்கு, கொடிமலையிலிருந்து: அடிச்சொல்லைப் பிரித்தறியத் தெரியாத நிரலுக்கு இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். ஒருவர் கொடி மலை என்று பிரித்து எழுதுவார், ஒருவர் பினாங்கு ஹில் என்பார், இன்னொருவர் புக்கிட் பெண்டேரா என்பார். உள்ளூர்க்காரரோ இவை எதையும் சொல்லாமல் "மலைக்குப் போனோம்" என்று எழுதி முடித்துவிடுவார். தெரிந்த மலைக்கு யார் பெயர் சொல்கிறார்கள்?

என் தவறு அங்கே இருந்தது. நான் பொருளைத் தேடினேன்; எழுதியவரின் வாயில் வரும் சொற்களைத் தேடவில்லை. அரிதான சொல்லுக்கு அதிக எடை தர வேண்டும் என்று கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-லேயே காட்டியிருந்தார். தேடுபொறிகள் இன்றும் அந்தக் கருத்தைப் பயன்படுத்துகின்றன. 'பினாங்கு', 'சுற்றுலா' போன்ற சொற்கள் ஆயிரம் விளம்பரப் பக்கங்களில் இருப்பதால் அவை எதையும் வடிகட்டுவதில்லை. எனவே 'வண்டி மாறி', 'அம்மா', 'குளிர்', 'மலை' என்று போட்டேன். மூன்றாம் திரையில் பட்டர்வொர்த்காரர் ஒருவரின் பக்கம் வந்தது. ரயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஃபெர்ரியில் அம்மாவோடு போனதைப் பற்றிய நீண்ட கட்டுரை. நன்றாக எழுதுகிறார். அவர் பக்கத்தையே திரும்பும் வீடாக வைத்துக்கொண்டேன்.

ஓரத்தில் அவர் படிக்கும் தளங்களின் பட்டியல் இருந்தது. முதல் சுட்டி செத்துவிட்டது. திரும்பினேன். இரண்டாவது சமையல், அங்கிருந்து இன்னொன்று, அதிலிருந்து ஒரு விளம்பரத் தளம். திரும்பினேன். நான்காவது, ஆயர் ஈத்தாமில் வளர்ந்த பெண்மணி ஒருவருடையது. கட்டுரைத் தலைப்பு 'டிபன் கேரியர்'. நடுவில் ஒரு பத்தி: இடைநிலையத்தில் வண்டி மாறும் அவசரத்தில் அம்மா டிபன் கேரியரைக் கீழ்வண்டியிலேயே விட்டுவிட, அது மலையிறங்கிப் போய், அடுத்த வண்டியில் திரும்பி வந்ததாம். உள்ளே இருந்த எலுமிச்சைச் சாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டுரை முழுவதிலும் கொடிமலை என்ற சொல் கிடையாது.

இப்படி அகப்பட்டவர்களை மறுபடியும் தொலைக்காமல் இருக்கச் செய்தியோடை போதும். 1999-ல் ஆர்எஸ்எஸ் என்ற பெயரில் அறிமுகமான இது, தளத்தின் அண்மைப் பதிவுகளைப் பட்டியலிடும் ஒரு சிறு கோப்பு, அவ்வளவுதான். படிப்பான் செயலி அவ்வப்போது போய்ப் புதிதாக ஏதும் உண்டா என்று கேட்கும். இல்லையென்றால் சேவையகம் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தரும். யாரும் தரம் பிரிப்பதில்லை; எழுதிய நாள்தான் வரிசை. 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இந்த ஓடைகளைத்தான் ஒரே இடத்தில் கூட்டின. கூகுள் தன் படிப்பானை 2013-ல் மூடியதும் ஓடைகளே போய்விட்டன என்று பலர் நினைத்தார்கள். பெரும்பாலான சிறு தளங்களில் அவை இன்னும் ஓடுகின்றன.

அந்தப் பெண்மணியின் பக்கத்திலும் ஓரத்தில் ஏழு சுட்டிகள். மூன்று வேலை செய்யவில்லை. ஆறாவதில் சுங்கைப் பட்டாணிக்காரர் ஒருவர் பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். கடைசிப் பதிவில் ஒரு பெட்டியின் பின்பலகையைத் திறந்ததும் உள்ளே பல்லிமுட்டை நான்கு. அவற்றை என்ன செய்தார் என்று அடுத்த பதிவில் சொல்வதாக முடித்திருந்தார். ஓடையைச் சேர்த்துவிட்டேன்.