வரலாற்றுப் புத்தகத்துக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

குளச்சல் பக்கம் மீன் விற்கும் ஓர் அம்மா, பத்தாம் வகுப்பு மகளுக்குச் சமூக அறிவியல் இரண்டாம் தொகுதியைக் காசு கொடுத்து வாங்கினார். பள்ளியில் "இன்னும் வரல, அடுத்த வாரம் பாருங்க" என்றே ஒரு மாதம் ஓட்டியிருந்தார்கள். அவர் ஒரு பைசா கொடுத்திருக்க வேண்டாம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடநூல் இலவசம்.

சிக்கல் 'உதவி பெறும்' என்ற சொல்லில் இருக்கிறது. நம் குமரி மாவட்டத்தில் இத்தகைய பள்ளிகள் ஏராளம். ஒரே காம்பவுண்டுக்குள் உதவி பெறும் தமிழ் வழி வகுப்பும் இருக்கும், சுயநிதி ஆங்கில வழி வகுப்பும் இருக்கும். சுயநிதிப் பிரிவுக்கு இலவசப் புத்தகம் கிடையாது. பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். சேர்க்கும் முன்பே, "இந்த செக்‌ஷன் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று கேளுங்கள்.

அப்புறம், தனியார் பள்ளியிலிருந்து மாறி வரும் பிள்ளைகள். பழைய பள்ளி எமிஸ் தளத்தில் (கல்வித் துறையின் மாணவர் பதிவு இணையதளம்) பெயரை விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியின் கணக்கில் பிள்ளை இருக்காது. ஃபீஸ் பாக்கி என்று அங்கே இழுப்பார்கள், "உங்க பேருக்கு புக் வரல" என்று இங்கே கைவிரிப்பார்கள். நடுவில் பெற்றவர்கள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும். டி.சி. வாங்கும் அன்றே எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பெயரை விடுவித்ததைக் கம்ப்யூட்டரில் பார்த்த பிறகே வெளியே வாருங்கள்.

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு இரண்டு தொகுதிகள். சாமித்தோப்பு வைகுண்ட சுவாமிகள் முதல் தொகுதியில் வருகிறார். தமிழ்நாட்டின் விடுதலைப் போராட்டமும் சமூக மாற்றங்களும் இரண்டாவதில்தான். அது தாமதமானால் பிள்ளை பாதி வரலாற்றோடு தேர்வுக்குப் போகும். காத்திருக்கும் நாட்களில் பாடநூல் கழக இணையதளத்தில் பிடிஎஃப் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை.

தலைமையாசிரியரிடம் வாயால் கேட்டது போதும். எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பதில் இல்லையா? கல்வித் துறை உதவி எண் 14417க்கு போன் போடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே நகலை இணைத்து மனு கொடுங்கள், ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

இரண்டு தொகுதியும் கைக்கு வராமல் 'பெற்றுக்கொண்டேன்' என்று பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.