பழைய பேரலல் போர்ட்டுக்குப் புதிய பிரிண்டர்: வாங்கும் முன் ஒரு வார்த்தை

பவானிக்குப் பக்கத்தில், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஒரு சைசிங் மில். பாவு ஓட்டிய கணக்கு, நூல் வரவு, கூலி பில் எல்லாம் விண்டோஸ் 98 போட்ட கணினியில்தான் ஓடுகின்றன. தொண்ணூறுகளில் யாரோ ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதிக் கொடுத்த டாஸ் நிரல், அதாவது விண்டோஸுக்கு முந்தைய கட்டளைத் திரையில் ஓடுவது. இன்றுவரை பைசா பிசகியதில்லை என்பார் முதலாளி. மை நாடாவை ஊசிகளால் தட்டி அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் ஹெட்டில் ஊசி (பின்) ஒன்று உடைந்ததும் அவருடைய மகன் கோவைக்குப் போய்ப் புதிய லேசர் பிரிண்டர் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். கூடவே, ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் பேரலல் (பழைய பிரிண்டர்களை மாட்டும் அகலமான வாய்) என்று ஒரு கேபிள். முனைகள் பொருந்தவில்லை. நடுவில் இரண்டு கனெக்டர்களைச் சொருகி எப்படியோ பொருத்தியும் விட்டார். "லைட் எரிகிறதுங்க, தாள்தான் வரவில்லை" என்று எனக்குப் போன் வந்தது.

வராது. அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. புதிய கணினியின் யுஎஸ்பியில் பழைய பேரலல் பிரிண்டரை மாட்டுவதற்காகச் செய்தது. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. யுஎஸ்பியில் எப்போதும் கணினிதான் முதலில் பேச வேண்டும், பிரிண்டர் கேட்டதற்குப் பதில் சொல்லும். இங்கே கேபிளுக்குள் இருக்கும் சில்லும் கணினி பேசட்டும் என்று காத்திருக்கிறது, பிரிண்டரும் காத்திருக்கிறது. பெண் பார்க்க அவர்கள் வருவார்கள் என்று இரு வீட்டாரும் அவரவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் கல்யாணம் எப்படி நடக்கும்?

சரி, எதிர்த்திசையில் மாற்றித் தரும் பெட்டிகள் இல்லையா? இருக்கின்றன. பேரலலில் வருவதை வாங்கி, தானே கணினி போல நின்று யுஎஸ்பி பிரிண்டருக்கு அனுப்பும். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: பிரிண்டருக்கு அந்த மொழி தெரியுமா?

டாஸ் நிரல் படமாக எதையும் அனுப்புவதில்லை. வெறும் எழுத்துகளையும் நடுநடுவே சில எண்களையும் அனுப்பும். எப்சன் நிறுவனப் பிரிண்டர்களின் வழக்கில் 15 என்ற எண் போனால் எழுத்து குறுகி, 80 எழுத்துக்கான அகலத்தில் 132 அடங்கும். 12 போனால் அந்தப் பக்கம் முடிந்தது, தாளை வெளியே தள்ளு என்று பொருள். விலை குறைந்த லேசர், இங்க்ஜெட் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இது புரியாது. பக்கத்தைப் புள்ளிப்புள்ளியாக வரைந்து தருவது விண்டோஸ் டிரைவரின் வேலை என்று விட்டுவிட்டார்கள். விண்டோஸ் 98-க்கு அந்த டிரைவரை இப்போது யாரும் எழுதுவதில்லை. பிசிஎல் என்ற பிரிண்டர் மொழி தெரிந்த லேசர் பிரிண்டராக இருந்தால் வெற்று எழுத்தை ஏற்கும். அப்போதும் அந்த 12 வராவிட்டால் பக்கத்தை நினைவகத்தில் வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டர் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள்கூட உண்டு.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில், கணினியும் பிரிண்டரும் ஓடிக்கொண்டிருக்கும்போதே 25 பின் கனெக்டரைச் சொருகினேன். இரண்டும் வேறுவேறு பிளக்கில் இருந்தன, எர்த்தும் சரியில்லை. சத்தமில்லை, புகையில்லை. போர்ட் போய்விட்டது. பழைய 386 காலத்தில் அது தனிக் கார்டில் இருந்தது, கழற்றி மாற்றலாம். பிறகு மதர்போர்டிலேயே சேர்த்துவிட்டார்கள். புதிதாகப் பிசிஐ கார்டு (மதர்போர்டில் சொருகும் அட்டை) போட்டாலும் பெரும்பாலும் அது வேறு முகவரியில் போய் உட்காரும்; 378 என்ற பழைய முகவரியையே நேராகத் தட்டும் டாஸ் நிரலுக்கு அது கண்ணில் படாது. யுஎஸ்பி கொடுத்த பழக்கத்தில் இன்றைய பிள்ளைகள் எதையும் ஓடும்போதே சொருகுகிறார்கள். பேரலல் போர்ட் அதற்காகச் செய்ததல்ல. இரண்டு பக்கமும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கேபிள் நீளத்திலும் கவனம் தேவை. சாதாரணக் கேபிள் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் போனால் எழுத்து குழறும். 1994-இல் வந்த ஐஇஇஇ 1284 தரக் கேபிள் என்றால் பத்து மீட்டர் வரை தாங்கும்.

கணினியில் எக்ஸ்பியோ 32 பிட் விண்டோஸ் 7-ஓ இருந்தால் வழி எளிது. பிரிண்டரை யுஎஸ்பியில் மாட்டி, ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால், பேரலல் போர்ட்டுக்குரிய எல்பிடி1 என்ற பெயரை அதற்குக் கொடுத்துவிடலாம். நிரல் பேரலலுக்கு அனுப்புவதாகவே நினைத்துக்கொள்ளும். மொழிச் சிக்கல் மட்டும் அங்கேயும் அப்படியேதான் இருக்கும்.

பவானி மில்லுக்கு நான் சொன்னது புதிய டாட் மேட்ரிக்ஸ். யுஎஸ்பியோடு பேரலலும் வைத்து இன்னமும் விற்கிறார்கள். எப்சன் எல்எக்ஸ்-310 அப்படிப்பட்டதுதான். சரக்கு பில்லுக்கு ஜிஎஸ்டி விதிப்படி மூன்று பிரதி வேண்டும், கார்பனில் ஒரே அடியில் மூன்றும் விழ டாட் மேட்ரிக்ஸ்தான் வேண்டும். மகனுக்கு முகம் சுருங்கியது. அணைத்து, மாட்டி, கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளையின் விடையை எல்பிடி1-க்குத் திருப்பிவிட்டேன். கறகறவென்று கோப்புப் பட்டியல் இறங்கியது. முதலாளி அதைக் கிழித்தெடுத்து, அடிப்பிரதியை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேசர் பிரிண்டர் இப்போது வீட்டில், பேத்தியின் பள்ளி வேலைக்கு ஓடுகிறது.

என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் கணினியின் பின்பக்கம், பிரிண்டரின் பின்பக்கம், இரண்டையும் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள். வாங்கிய பிறகல்ல, வாங்கும் முன்.