கட்டமைப்பு வேறு, வடிவமைப்பு வேறு

கணினி நூல்களைத் தமிழாக்கும்போது ஆர்க்கிடெக்சர், டிசைன் இரண்டையுமே ‘வடிவமைப்பு’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அதனால் தொலைந்துபோகும் வேறுபாடு சிறியதன்று.

கிரேக்கத்தில் ‘ஆர்க்கி’ என்றால் தலைமை. ‘டெக்டோன்’ என்றால் தச்சர், கட்டுநர். தலைமைக் கட்டுநரைக் குறித்த சொல்லே லத்தீன் வழியாக அவருடைய கலைக்கும் பெயராயிற்று. டிசைன், ‘குறியிட்டு வரையறு’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் வழிவந்த இத்தாலியச் சொல் ‘திசேஞ்ஞோ’ தாளில் வரையும் கோட்டையும் மனத்தில் கொண்ட திட்டத்தையும் சேர்த்தே குறித்தது. பிரெஞ்சில் வரைபடத்துக்கும் நோக்கத்துக்கும் உரிய சொற்கள் இன்றும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, எழுத்தில்தான் வேறுபடுகின்றன. டிசைனை வெறும் தோற்றம் என்று கொள்வது அதனால்தான் பிழை.

ஒரு படைப்பு முழுவதையும் கட்டுப்படுத்துகிற, பின்னால் மாற்றப் போனால் மற்ற எல்லாவற்றையும் அசைத்துவிடுகிற முடிவுகள் ஆர்க்கிடெக்சரைச் சேர்ந்தவை. அந்த முடிவுகளுக்குள் நின்று ஒவ்வொரு பகுதியும் எப்படி இயங்கும், எப்படித் தோன்றும் என்று தீர்மானிப்பதையே அதிலிருந்து பிரித்து டிசைன் என்கிறோம்.

இதை மிகத் துல்லியமாகக் காட்டியது ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசை. அதை உருவாக்கிய அம்டால், பிளாவ், புரூக்ஸ் மூவரும் அதே ஆண்டில் எழுதிய கட்டுரையில், நிரல் எழுதுகிறவருக்குப் புலப்படும் இயந்திரப் பண்புகளை மட்டுமே ஆர்க்கிடெக்சர் என்றார்கள். உள்ளே தரவு ஓடும் பாதையும் தருக்கச் சுற்றுகளும் அதில் சேரா. அந்த வரிசையின் மாடல் 30இன் தரவுப் பாதை 8 பிட் அகலம். மாடல் 50இல் 32 பிட். உள்ளமைப்பும் வேகமும் விலையும் இவ்வளவு வேறுபட்டும், நிரல் எழுதுகிறவர் இயந்திரத்துக்கு இடக்கூடிய கட்டளைகளின் தொகுதி ஒன்றாகவே இருந்தது. ஆகவே சிறிய மாடலுக்கு எழுதிய நிரல் பெரியதிலும் ஓடியது. ஒரே ஆர்க்கிடெக்சர், பல டிசைன்கள்!

தமிழில், கட்டடங்களைப் பொறுத்தவரை ‘கட்டடக்கலை’ நன்றாக வேரூன்றிய சொல். கணினிக்கும் மென்பொருளுக்கும் அது பொருந்தாது. அங்கே ‘கட்டமைப்பு’ என்பதே சரி. ‘உட்கட்டமைப்பு’ போன்ற வழக்குகளோடு குழம்பாதிருக்க, ‘மென்பொருள் கட்டமைப்பு’ என அடைமொழியோடு எழுதலாம். டிசைனுக்கு ‘வடிவமைப்பு’ போதும். ‘வடிவம்’ என்ற பகுதி தோற்றத்தை நினைவூட்டினாலும், ‘ஆய்வு வடிவமைப்பு’ என்கிற அளவுக்கு அதன் பொருள் விரிந்துவிட்டது.

வினைக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. நெடுநல்வாடையில் நூலறி புலவர் நுண்ணிதாகக் கயிறு பிடித்து, திசை தேர்ந்து, அரசனுக்கு ‘மனை வகுத்து’த் தருகிறார்கள். கட்டமைப்பை வகுக்கிறோம்; பகுதிகளை வடிவமைக்கிறோம். அந்தப் பணிகளைச் செய்கிறவர்கள் முறையே கட்டமைப்பாளர், வடிவமைப்பாளர்.