கோப்: மூன்று பிறவி எடுத்த ஓரசைச் சங்கதி

கல்முனை பஸ் நிலையத்துப் பக்கம் நான் வழமையாகத் தேநீர் குடிக்கும் கடையில் ஒரு மாமா இருப்பார். பாண்டிருப்பு ஆள். இ.போ.ச.வில் (இலங்கைப் போக்குவரத்துச் சபையில்) நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கடைக்கு வரும் பத்திரிகையை முதலில் பிரிப்பது அவர்தான். ஒருநாள், ‘கோப் குழு முன்னிலையில் அதிகாரிகள்’ என்ற தலைப்பில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: “இவங்க எந்தக் கோப்பத் துலைச்சாங்களாம் மனே?”

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கேட்டதில் பிழையில்லை. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. ‘பஸ்’ நம் வாயில் ‘பஸ்ஸு’ ஆகும், ‘கோப்’ ‘கோப்பு’ ஆகும். கோப்பு என்றால் கந்தோரில் கட்டி வைக்கும் பைல். அதிகாரிகளை வரிசையாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்றால் பைல்தான் துலைந்திருக்க வேண்டும். அவருடைய கணக்குச் சரி.

பத்திரிகைக் கோப் வேறு. ‘கமிட்டி ஒன் பப்ளிக் என்டர்பிரைசஸ்’ என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து எடுத்தது. இலங்கைப் பாராளுமன்றத்தில் 1979இல் தொடங்கிய குழு இது. கூட்டுத்தாபனங்கள், நியதிச்சட்டச் சபைகள், அரசுக்குச் சொந்தமான கம்பனிகள் ஆகியவற்றின் வரவு செலவைக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு கிண்டிப் பார்ப்பது இதன் வேலை. மாமா வேலை செய்த போக்குவரத்துச் சபையும் இதற்குள் வரும், பல்கலைக்கழகங்களும் வரும். ஆளைப் பிடித்து உள்ளே போடும் அதிகாரம் குழுவுக்குக் கிடையாது. விசாரித்துப் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும், அவ்வளவுதான். 2016 ஒக்டோபரில் மத்திய வங்கிப் பிணைமுறி (அரசாங்கக் கடன் பத்திரம்) பற்றிய அறிக்கை வந்தபோதுதான் இந்தப் பெயர் தேநீர்க் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு: கோபா. அரசாங்கக் கணக்குகளைப் பார்க்கும் குழு. 1921இல், சட்டவாக்கக் கழகக் காலத்திலேயே பிறந்தது. அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சிச் சபைகள் இதன் கீழ். ஆகவே பஸ் ஓடாவிட்டால் கோப், மாநகர சபைக் கணக்குப் பிழைத்தால் கோபா என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கோபாவுக்கும் கோபத்துக்கும் ஓசையைத் தவிர வேறு உறவில்லை.

‘கோப் குழு’ என்று எழுதுகிறோமே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கோப்பின் முதலெழுத்தே குழுவைத்தான் குறிக்கிறது. அப்புறம் இன்னொரு குழு எதற்கு? ‘ஏ.டி.எம். மெசின்’ என்று சொல்கிறோமே, அந்தக் கதைதான். கடைசி எழுத்து மெசின் என்பது வாய்க்குத் தெரியாது. இதைப் பெரிய குற்றமாக நான் எடுப்பதில்லை. குழு என்று சேர்க்காவிட்டால் மாமாவைப் போல எல்லோரும் பைல் தேடிக்கொண்டிருப்பார்கள். போதாக்குறைக்குக் காலநிலை மாநாடும் செய்தியில் ‘கோப் 28’ என்று வருகிறது. அது 2023இல் துபாயில் நடந்த, உடன்படிக்கை நாடுகளின் மாநாடு. நமது சங்கக்கடையின் புதுக் கோலத்துக்கு ‘கோப் சிட்டி’ என்று பலகை போடுகிறார்கள், அது கூட்டுறவு. இந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, உச்சரிப்பும் வேறு. தமிழில் எழுதும்போதுதான் எல்லாம் ஒரே முகமாகிவிடுகின்றன.

சரி, கோப்பின் இரண்டாவது பிறவிக்கு வருவோம்: அது ஒரு குடும்பப் பெயர். இங்கிலாந்தில் கோப் என்ற பெயர் பழையது, ஆனால் ஸ்மித், ஜோன்ஸ் போலத் தெருவுக்குத் தெரு கிடைப்பதில்லை. அங்கே கோப் என்றால் தோளிலிருந்து கால்வரை தொங்கும் நீண்ட மேலங்கி. லத்தீனில் ‘கப்பா’. அதைத் தைத்தவருக்கோ போட்டுத் திரிந்தவருக்கோ அது பட்டப்பெயராகி, பிறகு பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த அங்கியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நற்கருணைப் பவனியில் குருவானவர் தோளைச் சுற்றிப் போட்டு மார்பில் கொளுவிக்கொண்டு வருவாரே, அதேதான்.

இந்தப் பெயர்க்காரர்களில் எனக்குப் பிடித்தவர் எட்வர்ட் டிரிங்கர் கோப் (1840–1897). அமெரிக்காவின் பிலடெல்பியாக்காரர், புதைபடிவ ஆய்வாளர். எலாஸ்மோசோரஸ் என்ற நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனவின் எலும்புகளை அடுக்கியபோது, கழுத்தை வால் என்று எண்ணித் தலையைக் கொண்டுபோய் மறுமுனையில் வைத்துவிட்டார். அந்தப் பிழையைத் தான்தான் சுட்டிக்காட்டியதாக இன்னொரு புதைபடிவ ஆய்வாளரான ஒத்னியல் சார்லஸ் மார்ஷ் பின்னாளில் சொல்லித் திரிந்தார். இருவரும் எலும்புக்காகப் போட்ட சண்டை ‘எலும்புப் போர்’ என்றே வரலாற்றில் நின்றுவிட்டது. மனிதர் மீனிலும் ஊர்வனவிலும் பெரிய புலமைக்காரர். அவர் பெயரால் ‘கோப்பியா’ என்ற ஆய்விதழ் 1913இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் வந்தது. அவருடைய இனவாதக் கருத்துகளைக் காரணம் காட்டி 2021இல் பெயரை மாற்றிவிட்டார்கள். மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1745இல் ஸ்கொட்லாந்தின் பிரஸ்டன்பான்ஸ் சண்டையில் தோற்றுப்போன தளபதி ஜோன் கோப். இரசாயனம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் தலையிடி கொடுக்கும் ‘கோப் மறுசீரமைப்பு’க்குச் சொந்தக்காரர் ஆர்தர் கோப். வெண்டி கோப் ஆங்கிலக் கவிஞர்.

மூன்றாவது கோப் ஒரு வினைச்சொல். இதை மட்டக்களப்பில் எல்லோரும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறோம், அது கோப் என்று தெரியாமலே. கடல்கோளுக்கு அடுத்த வருடம், 2005இல், ஒரு தொண்டு நிறுவனத்தின் உளசமூகப் பயிற்சியில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பயிற்றுநர் வாய்க்கு வாய் ‘கோப்பிங் மெக்கானிசம்’ என்றார். நானும் சளைக்காமல் ‘சமாளிக்கும் பொறிமுறை’ என்றேன். முன் வரிசையில் நாவலடி அம்மா ஒருவர் கையை உயர்த்தினார். “பொறிமுறை எண்டா மெசினா தம்பி?” இல்லை, துன்பம் வந்தால் எப்படி அதோடு இருப்பது என்பது பற்றி, என்று இழுத்தேன். “அதுக்கா இவ்வளவு? நாங்க தாக்குப்புடிச்சித்தானே இருக்கம்” என்றார்.

அன்றைக்கு அந்தச் சொல்லின் அருமை எனக்குத் தெரியவில்லை. பல வருடம் கழித்து அகராதியைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். ஆங்கிலக் கோப் என்ற வினை, பழைய பிரெஞ்சில் ‘அடி, குத்து’ என்ற பொருள்தரும் சொல்லிலிருந்து வந்தது. முதலில் ‘கைகலத்தல்’ என்று இருந்து, பிறகு ‘சரிக்குச் சரி நிற்றல்’ ஆகி, கடைசியில் ‘சமாளித்தல்’ என்று தணிந்திருக்கிறது. தாக்குப்பிடித்தல் என்பதிலும் தாக்கு இருக்கிறது, அதைப் பிடித்து நிற்பதும் இருக்கிறது. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. ‘சமாளித்தல்’ பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கடன்காரனையும் சமாளிக்கலாம், மாமியாரையும் சமாளிக்கலாம். அலை அடித்தவர்களுக்கு அந்தச் சொல் போதாது.

இனிக் குழுவுக்குத் தமிழ் என்ன? பாராளுமன்றம் வைத்திருக்கும் பெயர் ‘அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு’. பிழை பிடிக்க முடியாத பெயர்தான், ஒரே மூச்சில் சொல்லவும் முடியாது. ‘பொறுப்பு முயற்சி’ என்றால் கூட்டுத்தாபனம் என்று எத்தனை பேருக்கு விளங்கும்? தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இதே வேலையைச் செய்யும் குழுவுக்குப் ‘பொது நிறுவனங்கள் குழு’ என்று பெயர். கேட்டவுடன் பிடிபடுகிறது. நான் எழுதும்போது ‘பொதுநிறுவனக் குழு’ என்றும், கோபாவுக்குப் ‘பொதுக்கணக்குக் குழு’ என்றும்தான் போடுகிறேன்.

தமிழில் முதலெழுத்துச் சுருக்கம் எடுபடாது என்று சிலர் சொல்வார்கள். இ.போ.ச. எடுபட்டிருக்கிறதே! க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரம்) இல்லாமல் ஒரு சான்றிதழாவது உண்டா? ப.நோ.கூ.சங்கம் (பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம்) என்று பலகை இல்லாத ஊர் எது? ஆனால் அ.பொ.மு.ப.கு. என்று சொல்லிப் பாருங்கள், எச்சில்தான் தெறிக்கும். முழுப்பெயர் வாய்க்கு இசைந்தால்தான் சுருக்கமும் இசையும்.

மாமாவின் ‘கோப்பு’ என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. பூவைக் கோக்கிறோமே, அந்தக் ‘கோ’தான் கோப்புக்கு வேர். கோவையும் அதிலிருந்துதான். நம் கந்தோர்களில் பைலுக்குக் கோவை என்றே எழுதுவார்கள், தண்டனைச் சட்டமும் இங்கே ‘தண்டனைச் சட்டக்கோவை’. ஆங்கிலப் பைலைப் பிடித்து இழுத்தால் அதுவும் லத்தீனில் நூல் என்ற சொல்லில்தான் போய் முடியும். அந்தக் காலத்தில் கடதாசிகளை நூலிலோ கம்பியிலோ கோத்துத்தான் வைத்தார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் மாமாவிடம் விளக்கினேன். தேநீர் ஆறும்வரை பொறுமையாகக் கேட்டார். “அப்ப அந்தக் குழு என்னத்த வச்சிக் கேள்வி கேக்குது?” என்றார். கணக்காய்வு அறிக்கை, கடிதங்கள், பழைய பைல்கள் என்றேன்.

“மறுகா என்ன மனே? கோப்புக் குழுதானே” என்று பத்திரிகையை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார்.